பக்கவாட்டில் தேடும் எக்கோ: வாசகர் கேள்வி – பதில்

பாம்பனில் படகுகளுக்கு எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் பொருத்திப் பழுது பார்ப்பவர் இந்தப் பகுதியில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த மாதம் வந்தவற்றில் பெரும்பாலானவை சைடு இமேஜிங் பற்றியவை; படகின் இரண்டு பக்கமும் ஒலி அனுப்பிக் கடலடியைப் படமாகக் காட்டும் எக்கோ அது.

கேள்வி: அண்ணே, துபாயில் இருக்கும் என் மச்சான் ஊருக்கு வந்தபோது அணியத்தில் (படகின் முன்பக்கம்) மாட்டும் டிரோலிங் மோட்டாரும் (மெதுவாக ஓட்டும் சின்ன மின்மோட்டார்), 9 அங்குலத் திரையுள்ள சைடு இமேஜிங் ஃபிஷ் ஃபைண்டரும் கொண்டுவந்தார். எங்களுடையது 20 அடி பைபர் படகு. தூண்டில் தொழில். லீவு நாளில் மீன்பிடிக்க ஆசைப்பட்டு வரும் வெளியூர்க்காரர்களையும் ஏற்றுவோம். ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரை அந்த மோட்டாரிலேயே மாட்டலாமா, பின்பலகையில் மாட்டுவதா? மாட்டினால் மீன் இருக்கிற இடம் தெரிந்துவிடுமா?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், தம்பி. மீன் தெரியும். ஆனால் இந்தப் பெட்டி உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கப்போவது பாரையும் (கடலடிப் பாறைத் திட்டு), பாரின் விளிம்பையும், கடல்புல்லுக்கு நடுவே கிடக்கும் மணல் திட்டையும் காட்டித்தான். மீன் ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிடும். பார் எங்கே போகப்போகிறது? விளைமீனும் கலவாயும் அதைத் தேடித்தான் வரவேண்டும்.

சாதாரண எக்கோ படகுக்கு நேர் கீழே கூம்பாக ஒலியை இறக்கும். 20 டிகிரிக் கூம்பு என்றால் 10 மீட்டர் ஆழத்தில் அது தொடும் தரை மூன்றரை மீட்டர் அகல வட்டம், அவ்வளவுதான். படகு பாருக்கு நேர் மேலே போனால் ஒழிய பார் தெரியாது. சைடு இமேஜிங் இடமும் வலமும் ஆளுக்கொரு விசிறியாக ஒலியை விரிக்கிறது. முன்பின்னாக அந்த விசிறி ஓரிரு டிகிரிதான் அகலம், பக்கவாட்டில் மட்டும் நீளமாகத் தரையைத் தடவும். ஒலி ஒருமுறை போய்த் திரும்பினால் திரையில் ஒரே ஒரு கோடு விழும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 30 மீட்டர் போய் வர 40 மில்லி நொடி. படகு நகர நகரப் புதுக்கோடு மேலே சேர்ந்து பழைய கோடுகளைக் கீழே தள்ள, அந்த அடுக்குதான் உங்களுக்குப் படமாகத் தெரிகிறது. படகு நின்றுவிட்டால் ஒரே இடத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும். 2005-ல் ஹம்மின்பேர்டு கம்பெனி சிறு படகுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி இதைக் கொண்டுவரும் வரை, கடற்படையும் ஆய்வுக் கப்பல்களும் கயிற்றில் கட்டி இழுத்துப்போன சாமான் இது.

சரி, எங்கே மாட்டுவது? உங்கள் படகுக்கு என் யோசனை பின்பலகை. மோட்டாரில் மாட்டினால் எஞ்சின் சத்தமும் குமிழியும் தொடாது என்பது உண்மை. ஆனால் நீங்கள் தேடும்போது எப்படியும் பின்னால் உள்ள அவுட்போர்டு எஞ்சினைத் தூக்கிவிட்டு டிரோலிங் மோட்டாரில்தான் ஊரப் போகிறீர்கள். அப்போது பின்பலகையும் அமைதியாகத்தான் இருக்கும். எஞ்சின் காலை இறக்கிவைத்தால் ஒரு பக்கத்து விசிறி அதில் மோதி, அந்தப் பக்கப் படம் பாதி இருட்டாகும். எஞ்சினை நன்றாகத் தூக்குங்கள், அரைகுறையாகத் தூக்காதீர்கள். டிரான்ஸ்டியூசர் படகின் அடிப்பலகைக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பக்கமும் மறைப்பில்லாமல், மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் சமமாக இருக்கவேண்டும்.

மோட்டாரோடு சேர்ந்தே சைடு இமேஜிங் வருகிற மாடல்களும் உண்டு. அப்படி வந்ததென்றால் அதைப் பயன்படுத்துங்கள், பிடுங்க வேண்டாம். தனி டிரான்ஸ்டியூசரை மோட்டார் தண்டில் கட்டியே தீருவேன் என்றால் ஒரு இடத்தை மட்டும் கவனியுங்கள். மோட்டாரைத் தூக்கி அணியத்தில் படுக்கவைக்கும்போது தண்டு ஒரு கவ்விக்குள் வழுக்கி மேலேறும். கேபிளை இறுக்கிக் கட்டியிருந்தால் அந்தக் கவ்விக்கும் தண்டுக்கும் நடுவில் அது நசுங்கும். வெளியே பார்த்தால் கறுப்பு உறையில் ஒரு சின்னப் பளபளப்பு தெரியும், அவ்வளவுதான். உள்ளே கம்பி ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும், படம் வந்து வந்து போகும். என் மேசைக்கு வரும் டிரோலிங் மோட்டார் கேபிள்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் செத்திருக்கின்றன. கேபிளுக்கு டை போடும்போது மோட்டாரை இறக்கி, ஏற்றி, இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, எந்த நிலையிலும் கேபிள் விறைக்காத அளவுக்குச் சுருள் விட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: மோட்டாரோடு சேர்ந்து வந்த சைடு இமேஜிங்கைத்தான் பயன்படுத்துகிறேன். நேராகப் போகும்போது படம் அருமை. திருப்பினால் பார் நெளிந்து, நீண்டு, கண்டபடி ஆகிறது. ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் ஜிபிஎஸ் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே புரிவதில்லை. செட்டு பழுதா?
– கீழக்கரை வாசகர்

பதில்: பழுது இல்லை. படகு எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் விசிறி மோட்டார் தலையோடுதான் திரும்பும். தலை ஐந்து டிகிரி திரும்பினால் 30 மீட்டர் தள்ளியுள்ள இடத்தில் கோடு இரண்டரை மீட்டருக்கு மேல் விலகி விழுகிறது. திருப்பத்தின் உட்பக்கம் ஒரே பாறையை மறுபடி மறுபடி தடவுவதால் பாறை நீளும். வெளிப்பக்கம் விசிறி வேகமாக வீசிப்போவதால் நடுவில் தரை விட்டுப்போகும். நிறுத்தி வைக்கும் பட்டனைப் போட்டால் தலை நீவாட்டுக்கும் (நீரோட்டம்) காற்றுக்கும் ஈடுகொடுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் சைடு படத்தைப் பார்ப்பதே வேண்டாத வேலை, நேர்கீழ் எக்கோவுக்கு மாறிவிடுங்கள்.

தேடும்போது காற்றை நேர் எதிராகவோ நேர் பின்னாலோ வாங்குகிற மாதிரி ஓட்டம் போடுங்கள். பக்கக் காற்றில் மோட்டார் தலை சற்றே சாய்ந்து நின்றுதான் படகை நேராக இழுக்கும், படமும் அதே சாய்வில் விழும். வேகம் மணிக்கு 4 முதல் 7 கிலோமீட்டருக்குள் ஒரே சீராக இருக்கட்டும். ஓட்டம் முடிந்து திரும்பும் இடத்தில் வருகிற படத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. திரையில் கர்சரை வைத்துப் புள்ளி குறிக்கும்போது பெட்டி ஜிபிஎஸ் இருக்கிற இடத்திலிருந்துதான் அளக்கும். ஜிபிஎஸ் ஆன்டெனா நடுப்படகில், டிரான்ஸ்டியூசர் அணியத்தில் என்றால் உங்கள் புள்ளி அந்த இடைவெளி அளவுக்குப் பின்னால் விழும். ஒரு சின்னக் கல்லைத் தேடிப் போகிறவனுக்கு அது போதும், வெறும் மணலில் தூண்டில் போட. ஆன்டெனாவை அணியத்துக்கு மாற்றுங்கள், அல்லது செட்டில் அந்தத் தூரத்தைப் பதியும் வசதி இருந்தால் பதியுங்கள்.

கேள்வி: பெட்டியில் ஒரு பக்கத்துக்கு 120 மீட்டர் என்று போட்டிருக்கிறது. எங்கள் பக்கம் ஒன்றரை, இரண்டு பாகம் தண்ணீர். 40 மீட்டர் வைத்தாலே ஓரம் முழுக்க வெறும் புள்ளியும் புகையும்தான்.
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: வடகடலுக்கு (பாக் விரிகுடா) அந்த 120 மீட்டரை மறந்துவிடுங்கள். இங்கே பெரும்பகுதி 15 மீட்டருக்குள். கரையோரம் நீங்கள் சொல்வது போல மூன்று, நான்கு மீட்டர். அவ்வளவு குறைந்த தண்ணீரில் தூரத்துத் தரையை ஒலி தட்டையாகப் போய் உரசுகிறது, திரும்பி வருவது கொஞ்சம். மேலே அலையில் பட்டுத் திரும்புகிற சத்தமும் அதோடு கலந்துவிடும். ஆழத்தைப் போல ஆறு மடங்கு, மிஞ்சினால் எட்டு மடங்கு வையுங்கள். 3 மீட்டருக்கு 20 மீட்டர் போதும்.

உப்புத் தண்ணீர் வேறு சேர்ந்துகொள்கிறது. கடல்நீரில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்பேட் இந்த அலைவரிசைகளில் ஒலியைத் தின்னும், ஏரித் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. அலைவரிசை ஏற ஏற இழப்பும் ஏறும். 455 கிலோஹெர்ட்ஸ் தூரம் போகும், படம் மொத்தையாக இருக்கும். 800 நடுத்தரம். 1200-ல் கயிறுகூடத் தெரியும், ஆனால் கிட்டத்தில் மட்டும். உங்களுக்கு 20 மீட்டர்தான் வேண்டும் என்பதால் தைரியமாக 1200 போடலாம். வாடைக்காற்று அடித்துக் கடல் கலங்கிக் கிடக்கும் நாளில் 455-க்கு இறங்குங்கள்.

கேள்வி: எது மீன், எது கல், எது புல் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. எல்லாமே பழுப்பில் வெள்ளை. கொஞ்சம் விளக்குங்கள்.
– ஏர்வாடி வாசகர்

பதில்: வெள்ளையைப் பார்ப்பதை விடுங்கள், கறுப்பைப் பாருங்கள். இந்தப் படத்தில் பாதி விஷயம் நிழலில் இருக்கிறது.

நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புப் பட்டை ஓடும். அது படகுக்குக் கீழே இருக்கும் வெறும் தண்ணீர். நடுக்கோட்டிலிருந்து அந்தக் கறுப்பு முடிகிற இடம் வரை உள்ள தூரம்தான் ஆழம். அங்கிருந்து தரை தொடங்குகிறது. கெட்டித் தரை ஒலியை நன்றாகத் திருப்புவதால் வெளிச்சமாகத் தெரியும், சேறு மங்கல். பார் என்றால் வெளிச்சமான கரடும் அதன் வெளிப்பக்கம் ஒழுங்கில்லாத கறுப்பு நிழலும். கடல்புல் தரையோடு ஒட்டிய மேகத்திட்டு, நிழல் இருந்தும் இல்லாத மாதிரி. புல்லுக்கு நடுவே மணல் வட்டம் வந்தால் அதன் விளிம்பைக் குறித்துவையுங்கள், ஓராவும் நகரையும் அங்கே மேயும்.

நிழல் எப்படி உயரத்தைச் சொல்கிறது? சாயங்கால வெயிலில் பனைமரத்து நிழல் நீளுகிற அதே கணக்குதான். டிரான்ஸ்டியூசரிலிருந்து தரைக்கு 5 மீட்டர். ஒரு கல் 10 மீட்டரில் தெரிகிறது, அதன் நிழல் 12.5 மீட்டர் வரை போகிறது. நிழல் நீளம் 2.5. அதை ஆழமான 5-ஆல் பெருக்கி, நிழல் முடியும் தூரமான 12.5-ஆல் வகுத்தால் 1. கல் ஒரு மீட்டர் உயரம். இதைப் படகில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியதில்லை. கிட்டத்தில் குட்டை நிழலும் தூரத்தில் நீள நிழலும் ஒரே உயரமாக இருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வைத்தால் போதும்.

மீன் என்றால் வெள்ளை அரிசிமணி அளவு புள்ளி, அதைவிட்டுத் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தரையைவிட்டு மேலே மிதக்கிறது. கல் அப்படி மிதக்காது. இடைவெளி கூடக் கூட மீன் மேலே நிற்கிறது என்று அர்த்தம். பாறை மீன் கூட்டம் பாருக்கு மேல் நின்றால் நிழல் புள்ளிகள் மொத்தமும் பாரைத் தாண்டி மணலில் சிதறி விழுந்திருக்கும், பார்க்கவே அழகு. நடுக் கறுப்புப் பட்டைக்குள்ளேயே புள்ளி வந்தால் அது படகுக்குப் பக்கத்தில், நடுத்தண்ணீரில் போகிற மீன்.

எல்லா மீனும் ஒரே மாதிரி மின்னாது. ஒலி பெரும்பாலும் மீனின் காற்றுப்பையில்தான் பட்டுத் திரும்புகிறது. கூறல் மீனில் நெட்டி என்று தனியாக விலை போகிறதே, அதே பைதான். வஞ்சிரம், நெய்மீன் என்று எப்படிச் சொன்னாலும் அந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. திருக்கைக்கும் சுறாவுக்கும் கிடையாது. அவை மங்கலாகத்தான் விழும். திரையில் வரவில்லை, ஆகவே நெய்மீன் இல்லை என்று ஊர் திரும்பிவிடாதீர்கள்.

தூரத்திலும் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. திரை காட்டுவது சாய்வுத் தூரம். 5 மீட்டர் ஆழத்தில் தரையோடு கிடக்கும் ஒன்று 6 மீட்டரில் தெரிந்தால், அது படகிலிருந்து பக்கவாட்டில் 3.3 மீட்டர்தான் தள்ளி இருக்கிறது. 12 மீட்டரில் தெரிந்தால் ஏறக்குறைய 11. கிட்டத்தில் தெரிவதற்குத் தூண்டிலை எட்டி வீசாதீர்கள்.

உங்கள் பக்கம் கூடு வைத்து மீன்பிடிப்பவர்கள் உண்டு. மிதவை அறுந்து காணாமல்போன கூட்டைத் தேட இதைவிட நல்ல சாமான் கிடையாது. கூடு கட்டமாக, ஓரம் கத்தரித்த மாதிரி நேராக விழும். நிழலும் நேர்க்கோடாக இருக்கும். கடலடியில் இயற்கையாக நேர்க்கோடு அபூர்வம், எங்கே நேர்க்கோடு தெரிந்தாலும் மனுஷன் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அறுந்து பாரில் சுற்றிய வலை மட்டும் சாம்பல் கறையாக, நிழலே இல்லாமல் கிடக்கும். அந்த இடத்தையும் குறித்துவையுங்கள், நங்கூரம் போடாமல் இருக்க.

கேள்வி: மதுரையிலிருந்து அரியமான் வந்து கயாக்கில் தூண்டில் போடுவேன். ஒரே 12 வோல்ட் பேட்டரியில் மோட்டாரும் ஃபிஷ் ஃபைண்டரும். மோட்டார் ஓடினால் திரை முழுக்கப் பொரிப்பொரியாக வருகிறது.
– மதுரை வாசகர்

பதில்: மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு மின்சாரத்தை நொடிக்குப் பலமுறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது, அந்தக் குப்பைதான் திரையில். பெட்டிக்குத் தனியாக ஒரு சின்னப் பேட்டரி போடுங்கள். மோட்டார் ஒயரும் டிரான்ஸ்டியூசர் கேபிளும் ஒன்றாகப் போகக் கூடாது. குறுக்கே வெட்டிப் போகலாம், கூடவே ஓடக் கூடாது. மிச்சக் கேபிளை மோட்டார் பக்கத்தில் சுற்றி வைப்பதும் வேண்டாம். பிறகு படகு கட்டியிருக்கும்போதே வேகத்தை ஒவ்வொரு படியாக ஏற்றித் திரையைப் பாருங்கள், எந்தப் படியில் பொரி குறைவோ அந்த வேகத்தில் தேடுங்கள்.

இதைப் படிக்கும் பெரிய படகுக்காரர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. மோட்டார் 24 அல்லது 36 வோல்ட் என்றால் அந்த இணைப்பில் ஃபிஷ் ஃபைண்டரைக் கொடுக்காதீர்கள். பல செட்டுகளுக்கு 20 வோல்ட்தான் உச்சம். வாங்கிய அன்றே புகை வந்த செட்டு என் அலமாரியில் இருக்கிறது, வாங்கியவர் அதைக் கேட்டு வரவே இல்லை.

கேள்வி: அண்ணே, நான் மண்டபத்தில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். இந்தச் சத்தத்தில் மீனெல்லாம் ஓடிவிடும், கடல்பசுவுக்கும் ஆகாது என்று கடற்கரையில் பேசிக்கொள்கிறார்கள். நிஜமா?
– மண்டபம் வாசகி

பதில்: நல்ல கேள்வி, தங்கச்சி. பெரும்பாலான மீனுக்கு ஒன்று, இரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது. கடல்பசு எழுப்பும் குரல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். ஓங்கிலுக்குத்தான் (டால்பின்) பெரிய காது, சுமார் 150 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். சைடு இமேஜிங் ஓடுவது பெரும்பாலும் 455-லும் அதற்கு மேலும். ஆகவே அது யார் காதிலும் விழாது. ஆனால் அதே பெட்டியில் 50, 83 கிலோஹெர்ட்ஸில் ஓடும் பழைய பாணி எக்கோவும் இருக்கும். ஓங்கில் பக்கத்தில் வந்தால் அதை அணைத்துவிடுவது நல்லது.

மீனை விரட்டுவது வேறு. படகுத் தளத்தில் செருப்புக் கால் வைத்து நடப்பது, நங்கூரத்தைத் தூக்கி எறிவது, மோட்டாரை திடீரென்று முழு வேகத்தில் முறுக்குவது. இவையெல்லாம் மீனுக்கு நன்றாகக் கேட்கும்.

கடல்பசுவுக்கு ஆபத்து எஞ்சினின் விசிறி இலையிலும் வலையிலும்தான். பாக் விரிகுடாவின் வடபக்கம் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 2022-ல் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கென்று காப்பகமாக அறிவித்தார்கள். நம் கடலிலும் அது மேய வருகிறது. திரையில் ஆள் நீளத்துக்கு மேல் ஒரு முட்டை வடிவமும் அதற்குத் தகுந்த நிழலும் புல்வெளிக்கு மேல் வந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். தென்கடலில் (மன்னார் வளைகுடா) 21 தீவுகளும் சுற்றியுள்ள தண்ணீரும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே கருவி நன்றாக வேலை செய்கிறதா என்று சோதிக்கப் போகவேண்டாம், வனத்துறைப் படகு சும்மா விடாது.

கேள்வி: சைடு இமேஜிங்கை விட்டு லைவ் சோனார் வாங்கலாமா?
– தொண்டி வாசகர்

பதில்: லைவ் சோனார் தண்ணீருக்குள் நடப்பதை உடனுக்குடன் காட்டும், ஆனால் மோட்டார் பார்த்திருக்கிற ஒரு திசையில் மட்டும். இடம் தெரிந்த பிறகு அது பிரமாதம், தூண்டிலைப் பார்த்து மீன் திரும்புவதுகூடத் தெரியும். இடமே தெரியாதவருக்கு முதலில் சைடு. விலையைப் பார்த்தால் முடிவு எளிதாகிவிடும்.

கேள்வி: என் அப்பா கரையில் தெரியும் கோபுரத்தையும் பனங்கூட்டத்தையும் சேர்த்துப் பார்த்தே பாருக்குப் போய்விடுவார். இந்தப் பெட்டி எதற்கு என்கிறார். என்ன சொல்லட்டும்?
– மூக்கையூர் வாசகர்

பதில்: ஒன்றும் சொல்லாதீர்கள், அவரைப் படகில் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் காட்டுகிற பாருக்குப் போய், அதற்கு மேலே நிற்காமல் 15 மீட்டர் தள்ளி ஒரு நேர் ஓட்டம் போடுங்கள். பிறகு மறுபக்கம் அதே இடைவெளியில் திரும்பி வாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பாரின் மறுபக்கம் நிழலில் ஒளிந்திருக்கும், அதனால்தான் இரண்டு ஓட்டம். பார் எங்கே முடிகிறது, எந்த மூலையில் பள்ளம், எங்கே தனிக்கல் ஒதுங்கிக் கிடக்கிறது என்பது அப்போது வரும். அவருக்கு அதில் முக்கால்வாசி தெரிந்திருக்கும். தெரியாத அந்தக் கால்வாசியைப் பார்த்ததும் திரைக்குப் பக்கத்தில் அவரே வந்து உட்காருவார்.

ஒவ்வொரு கல்லிலும் கர்சரை வைத்துப் புள்ளி போடுங்கள். நேர்கீழ் எக்கோவில் மேலே போய் ஒருமுறை சரிபாருங்கள். புள்ளிக்குப் பேர் வைக்கும்போது அப்பா சொல்கிற பேரையே போடுங்கள். பெரும்பாலான செட்டில் தமிழ் எழுத்து வராது, இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் போதும். 001, 002 என்று செட்டு தானாகப் போடும் எண்ணோடு விட்டால், நாற்பது புள்ளி சேர்ந்ததும் எது பார், எது வலை சிக்கின இடம் என்று உங்களுக்கே விளங்காது. கரைக்கு வந்ததும் மெமரி கார்டில் ஒரு காப்பி எடுத்து வீட்டில் வையுங்கள், செட்டு உப்பில் போனாலும் புள்ளிகள் மிஞ்சும்.